முத்து சொன்ன துக்கம்

வடிவுக்குத் துக்கம் வந்திருக்கிற செய்தி வடிவுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. முதலில் அவள் புருஷன் நயினாருக்குத் தெரிந்தது. அவன் வாய் சும்மா இருக்குமா, அடுத்த நிமிஷமே அம்மா பகவதிக்குச் சொல்லிவிட்டான். அதற்குள் பாளையங்கோட்டையில் அவள் வேலை பார்க்கிற அலுவலகத்துக்கும் தகவல் போய்ச் சேர்ந்திருந்தது. வடிவு அப்போது அடுக்களையில் நின்று, ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, தேங்காய்ச் சட்னியை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

"வடிவு, உனக்கு என்ன செய்யுது?" என்று ஓடி வந்தான் நயினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி. வேற ஒண்ணும் செய்யலையே."

அவன் போனை நீட்டினான். அவள் பெயருக்கு நேரே இருந்த வட்டம் சிவப்பாக இருந்தது. மூன்றாம் மாதம் முத்து வைத்த நாளிலிருந்து இந்த ஐந்தாம் மாதம் வரை அது பச்சையைத் தவிர வேறு நிறம் காட்டியதில்லை.

முத்து என்றால் நிஜ முத்து இல்லை. கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல்லில், உள்பக்கமாக, ஈறை ஒட்டி ஒட்டுகிற கடுகளவு கருவி. கர்ப்பிணியின் மனசு கலங்கினால் பிள்ளைக்கு ஆகாது. கலங்குகிறதா என்று அவளிடம் கேட்டால் சொல்லமாட்டாள். ஆகவே எச்சிலைக் கேட்போம் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ மகா புத்திசாலி முடிவு செய்தார். தினமும் விடியற்காலை ஆறு மணிக்கு, வாய் கொப்பளிக்கும் முன்னால், முத்து எச்சிலை ருசி பார்த்து அவள் மனசின் நிறத்தைச் சொல்லும். பகலிலும் அவ்வப்போது பார்க்கும், ஆனால் கணக்கில் ஏறுவது காலை நிறம்தான். பச்சை என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் சஞ்சலம். சிவப்பு என்றால் துக்கம். இதற்குத் 'தாய்முத்து' என்று அழகாகப் பெயரும் வைத்து, மாவட்டத்துக்கு ஒரு மையமும் திறந்துவிட்டார்கள்.

அந்த மையத்தில்தான் வடிவு நான்கு வருஷமாகத் தொலைபேசியில் பேசுகிறாள். மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு என்றால் கர்ப்பிணிக்குப் போன் போட்டு ஆறுதல் சொல்ல வேண்டும். ஏழு நாள் என்றால் வீட்டுக்கு நர்ஸ் போவார். பத்து நாள் விடாமல் சிவப்பு என்றால் பத்தாம் நாள் காலை வெள்ளை வண்டி வந்து, மலையடிவாரத்தில் இருக்கிற நிம்மதி இல்லத்துக்குக் கூட்டிப் போய்விடும். பிரசவம் வரை அங்கேதான். துக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டு மனிதர்கள்தான் என்பதால் அவர்கள் மாதம் ஒரு முறை, அரை மணி நேரம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். வரமாட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. வடிவே அப்படி அறுபது எழுபது பேரை அனுப்பியிருக்கிறாள். நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் அனுப்பினாள்.

செவ்வாய் சிவப்பு. புதன் சிவப்பு. வியாழனும் சிவப்பு.

வியாழன் மத்தியானம் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய முறை எப்சிபாவுக்கு வந்தது. எப்சிபா அடுத்த நாற்காலிக்காரி. கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் பேச்சு பதிவாக வேண்டும் என்பது விதி. எனவே இருவரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்கள்.

"வணக்கம் வடிவு அக்கா. தாய்முத்து மையத்துல இருந்து எப்சிபா பேசுதேன். சாப்பிட்டீங்களா?"

"நீதானட்டி என் டப்பால இருந்து ரெண்டு தோசைய எடுத்துத் தின்ன. மிச்சத்தை நான் தின்னேன்."

"அக்கா, பதிவாகுது," என்று எப்சிபா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "வீட்டுல யாரும் மனசு நோகப் பேசுனாங்களா?"

"இல்ல."

"பழைய நெனப்பு எதுவும் வருதா?"

"இல்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

எப்சிபாவின் சிரிப்பு அங்கே நின்றது. திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன. 'காரணம் சொன்னார்.' 'அழுதார்.' 'மறுக்கிறார்.' நன்றாக இருக்கிறார் என்று ஒரு கட்டம் கிடையாது. நன்றாக இருக்கிறவளுக்குச் சிவப்பு ஏன் வரப்போகிறது? நான் நல்லா இருக்கேன் என்று சொல்கிற ஒவ்வொருத்திக்கும் வடிவு இத்தனை காலமாக எந்தக் கட்டத்தைத் தொட்டாளோ, அதையே எப்சிபாவும் தொட்டாள். தொட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ஏ எப்சி, நீயுமா நம்பல?"

"நான் நம்பாம என்னக்கா. முத்து காட்டுதே," என்றாள் அவள், பாவமாக.

அன்றைக்கே மேற்பார்வையாளர் தில்லைநாயகம் கூப்பிட்டு, சிவப்பில் இருப்பவர் சிவப்பில் இருப்பவரோடு பேசக்கூடாது என்ற விதியை நயமாகச் சொல்லி, அவளைப் பழைய படிவங்களைச் சரிபார்க்கிற மூலைக்கு மாற்றினார். மனுஷன் நல்லவர். மாற்றும்போது ஒரு தலையணை கூடக் கொடுத்தார்.

வீட்டில் கூத்து வேறு மாதிரி நடந்தது. பகவதி வாய்க்கு வாய் 'எம்மா, எம்மா' என்று மருமகளைத் தாங்குகிறவள். அவள் ஒன்று கண்டுபிடித்தாள். தித்திப்பாக எதையாவது வாயில் போட்டு மென்றால், எச்சில் ஊறி, போனில் வட்டம் ஒரு மணி நேரம் மஞ்சளாகிறது. விடியற்காலைக் கணக்கை அது ஏமாற்றாது என்று வடிவு எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. மஸ்கோத் அல்வா ஒரு கிலோ வந்தது. கருப்பட்டி மிட்டாய் வந்தது. படுக்கப் போகும்போது கூட, "ஒரு துண்டு வாயில அதக்கிக்கோ தாயி, மனசு தெளியும்," என்று ஊட்டிவிட்டாள்.

"அத்தே, ஈறு வலிக்கு. பல்லு தேய்ச்சா ரத்தம் வருது."

"மாசமா இருக்கயில அப்படித்தான் வரும். எனக்கு இவனை உண்டாயிருக்கயில ஒரு பல்லே போச்சு. அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டு போகாத, விரலால லேசா தடவு, போதும். டாக்டர் கிட்டர்னு போயி வாயில ஊசி போட்டுராத. பிள்ளைக்கு ஆகாது."

வடிவு தலையாட்டினாள். பல்லைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் ஏது? அவள் தன் துக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தேடினாள். முத்து பொய் சொல்லாது என்று நான்கு வருஷம் ஆயிரம் பேரிடம் சொன்ன வாய் அவளுடையது. அப்படியானால் துக்கம் எங்கேயோ இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்க அப்பாவை நினைத்துப் பார்த்தாள். அவர் போய் மூன்று வருஷமாகிறது, அழுது தீர்த்தாகிவிட்டது. சனிக்கிழமை அம்மாவை. அம்மா தூத்துக்குடியில் தம்பி வீட்டில் சௌகரியமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று அகப்பட்டது. கர்ப்பம் உறுதியான அன்று, துறைத் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்த நேரம், அவள் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை "இப்பவேவா?" என்பதுதான். சொல்லிவிட்டுச் சிரித்தாள், நயினாரும் சிரித்தான், அத்தோடு மறந்தும் போனாள். இப்போது அந்த ஒரு வார்த்தை நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைக்கு அது கேட்டிருக்குமோ? வேண்டாம் என்று நினைத்தேனோ? நல்ல தாயாக இருந்தால் அப்படிக் கேட்டிருப்பேனா? பாவி மகள், நன்றாக இருந்தவள், தேடித் தேடியே ஒரு கவலையை உண்டாக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை, ஏழாம் நாள், நர்ஸ் வந்தார். அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். வடிவு "இப்பவேவா" கதையைச் சொல்லி அழுதாள். நர்ஸுக்கு மிகவும் திருப்தி. 'காரணம் சொன்னார்', 'அழுதார்' இரண்டையும் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது நயினாரைத் தனியே வாசலுக்குக் கூப்பிட்டு, "இது மேலாப்புல இருக்கிற காரணம். ஆழத்துல வேற ஏதோ இருக்கு. நீங்க பக்குவமா கேட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நயினார் கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறவன். எந்த இயந்திரம் நின்றாலும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று ஒதுக்கிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு என்று கண்டுபிடிப்பான். வேலைக்கு நல்ல வழிதான். செவ்வாய் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் பின்னாலேயே அவனும் வந்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கேளுங்க."

"நான் ஏதும் குறை வச்சேனான்னு யோசிச்சுப் பாத்துட்டேன். அம்மா ஏதும் சொல்லிச்சான்னு கேட்டுப் பாத்துட்டேன். உங்க அம்மைக்குப் போன் போட்டேன். எல்லாம் பாத்துட்டேன் வடிவு." அவன் கொடியிலிருந்த ஒரு துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "மார்கழியில நீ ட்ரெய்னிங்னு நாகர்கோவில் போனேல்லா. நாலு நாளு."

"ஆமா. எப்சியும்தான் வந்தா."

"அந்த நாலு நாளும்... மாசக் கணக்குப் பாத்தா..."

அவன் என்ன கேட்கிறான் என்பது வடிவுக்கு மெள்ளத்தான் விளங்கியது. விளங்கியதும் கையிலிருந்த துணி எல்லாம் தரையில் விழுந்தது.

"என்ன கேக்கீங்க நீங்க?"

"நான் கேக்கல. நான் கேக்கவே மாட்டேன். முத்து இப்படிக் காட்டுதேன்னுதான்... ஒரு காரணம் இருக்கணும்லா? எல்லாத்தையும் கழிச்சுட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம் நின்னுச்சு," என்றவன் அங்கேயே தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து அழுதுவிட்டான். "அப்படி ஏதும்னாலும் பரவாயில்ல, சொல்லிரு வடிவு. உன்னய அந்த இல்லத்துக்குக் கொண்டு போயிருவாங்க. நாலு மாசம் உன்னய விட்டுட்டு நான் என்ன செய்வேன்?"

அவனுடைய அழுகை நிஜம், அன்பும் நிஜம், கேட்டதும் நிஜம். வடிவு துணிகளைக் குனிந்து பொறுக்க முயன்றாள். வயிறு இடித்தது. விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

புதன்கிழமை ஒன்பதாம் நாள். மறுநாள் வண்டி. அலுவலகத்துக்கு வராமல் வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் வந்தாள். மூலையில் உட்கார்ந்து, நிம்மதி இல்லத்துக்குப் போனவர்களின் பழைய படிவங்களைத் திறந்தாள். தனக்கு முன்னே போனவர்களுக்கு என்னென்ன துக்கம் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு ஆசை. படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு இடம் உண்டு. அதை எழுதுகிறவர்களைத் தவிர யாரும் படிப்பதில்லை.

மூன்றாவது படிவத்தில் அவளே எழுதியது: 'பல் வலி என்கிறார். பேச்சை மாற்றுகிறார்.'

ஏழாவதில் எப்சிபா எழுதியது: 'ஈறில் ரத்தம் வருவதாகச் சொல்லிச் சமாளிக்கிறார்.'

பன்னிரண்டாவதில் மறுபடி அவளே: 'மனசைப் பற்றிக் கேட்டால் பல்லைப் பற்றிப் பேசுகிறார். மறுப்பு கடுமை.' பெயர் மாடத்தி. கடையம் பக்கம், பீடி சுற்றுகிறவள். ஆறாம் மாதம்.

வடிவின் நாக்கு தன்னையறியாமல் கீழ்த்தாடையின் மூலைக்குப் போனது. அங்கே ஈறு பொதபொதவென்று வீங்கி, முத்தைப் பாதி மூடியிருந்தது. நாக்கு பட்டதும் ரத்த ருசி. படிவங்களை வேக வேகமாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாரும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல், எங்கோ ஒரு மூலையில், பல், ஈறு, வீக்கம், வாய் நாற்றம். அத்தனையும் 'மறுக்கிறார்' கட்டத்துக்குள் போயிருந்தது.

விதியாவது மண்ணாவது என்று இல்லத்துக்குப் போன் போட்டு மாடத்தியைக் கேட்டாள். அவள் இப்போது அங்கே இல்லை என்று சொல்லி, ஆஸ்பத்திரி வார்டின் எண் ஒன்றைக் கொடுத்தார்கள். நாலாவது தடவை மாடத்தியே எடுத்தாள்.

"மாடத்தி, நான் தாய்முத்து மையத்துல இருந்து வடிவு..."

"குரலு தெரியுது," என்றாள் மாடத்தி. கோபமே இல்லை, சோர்வுதான் இருந்தது. "முந்தாநேத்து பிள்ளை பொறந்துட்டு. ஏழு மாசம்தான். கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ. மூஞ்சி முழுக்கக் குழாயி."

வடிவு படிவத்தை மறுபடி பார்த்தாள். "பல்லு வலின்னு சொன்னீங்கல்லா..."

"சொன்னேன்லா! அன்னைக்கே சொன்னேன்லா! மனசுல ஒண்ணும் இல்லம்மா, பல்லுதான், பல்லுதான்னு. இல்லத்துலயும் சொன்னேன். அங்க பாட்டு போடுதாவ, தோட்டத்துல நடக்கச் சொல்லுதாவ, ரெண்டு வேளை பாயசம் தாராவ. பல்லுக்கு ஒரு ஆளு கெடையாது. இங்க வந்தப்புறம்தான் சீழு வச்சிருக்குன்னு டாக்டரு பாத்துச் சொன்னாரு." மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

"எனக்கும் ஈறு வீங்கியிருக்கு மாடத்தி. நாளைக்கு என்னய கொண்டு போறாங்க."

"அப்ப போனை வச்சிட்டு ஒரு பல்லு டாக்டரைப் போய்ப் பாரும்மா," என்றாள் மாடத்தி. "இதுக்குப் போய் என்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்கியே."

மேலப்பாளையத்தில் டாக்டர் ரஹ்மத்நிஷாவின் பல் மருத்துவமனை ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்த வடிவு இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வாயில் ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பல்லைப் பிடுங்குவீங்களா டாக்டர்?"

"எதுக்குப் பிடுங்கணும்? பல்லு நல்லாத்தான் இருக்கு. ஈறுதான் புண்ணாயிருக்கு. சுத்தம் பண்ணணும், அவ்வளவுதான். அஞ்சாம் மாசம் தாராளமா பண்ணலாம். பண்ணாம விட்டாத்தான் வம்பு." அவர் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். "மாசமா இருக்கும்போது ஈறு கொஞ்சத்துக்கெல்லாம் வீங்கும். வாந்தி எடுத்த கையோட பல் தேய்ப்பியா?"

"ஆமா."

"அப்படித் தேய்க்காத. வெறும் தண்ணியில கொப்பளிச்சிட்டு அரை மணி நேரம் கழிச்சுத் தேய். ரத்தம் வருதுன்னு தேய்க்கிறதையும் நிறுத்தாத. இனிப்பு நிறைய சாப்பிடுறியோ?"

"மனசு தெளியும்னு ஊட்டுதாங்க."

டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "எத்தனையாவது நாள் சிவப்பு?"

"ஒம்பது."

"அல்லாவே. கேளும்மா. மனசு கலங்குனா எச்சில்ல சில சத்து ஏறும், எல்லாருக்கும் ஏறாது. அது உண்மை. ஈறு புண்ணானாலும் அதே சத்து ஏறும். முத்தை எங்க ஒட்டுறாங்க? ஈறு ஓரத்துல. அது ஈறு அழுறதைக் கேட்டுட்டு நீ அழுறன்னு சொல்லுது. சோதனை பண்ணினப்போ பல் சுத்தமா இருக்கிற பொண்ணுங்களைத்தான் சேர்த்திருக்காங்க. அதனால யாருக்கும் தெரியல. உங்க மையத்துக்கு மூணு கடிதம் போட்டேன். பல் மருத்துவம் வேறு துறைன்னு பதில் வந்துச்சு."

"ஒருத்திக்கு ஏழு மாசத்துல பிறந்துட்டு டாக்டர். நான்தான்... நான்தான் அனுப்புனேன்."

"ஈறுனாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து வர்றதை நிறையப் பாத்திருக்கோம். சீக்கிரம் கவனிச்சா நல்லது. வாயைத் திற."

முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் முடிந்து துப்பியபோது வடிவு கேட்டாள்: "நாளைக் காலையில ஆறு மணிக்குள்ள இறங்குமா?"

"ரெண்டு மூணு நாள் ஆகும். உனக்கு நல்ல காலம்னா கொஞ்சம் முன்னால."

ஒரு நாள் மஞ்சள் வந்தால் போதும், பத்து நாள் கணக்கு அறுந்துவிடும். டாக்டர் கடிதம் கொடுத்தார். அதை வாங்கிப் பார்க்கக் கூட மையத்தில் ஆள் கிடையாது என்பது வடிவைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் மடித்து வைத்துக்கொண்டாள். வீட்டில் எங்கே போனாய் என்று கேட்டதற்கு, பல் டாக்டரிடம் என்றாள். பகவதி நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நயினார் அவளுடைய துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் விடிந்தது. ஐந்தரை மணிக்கே மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போன். பக்கத்தில் பை. பிள்ளை வயிற்றில் உதைத்தது. கடவுளே, இந்த வயிற்றோடு நாலு மாதம் யாரோ போடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டுமா, ஈறு மறுபடி வீங்கினால் அங்கே யாரிடம் சொல்வேன், மாடத்தி சொன்னதையே கேட்காதவர்கள் நான் சொல்வதைக் கேட்பார்களா என்று வடிவு பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படக் கூடாது, பயந்தால் சிவப்பாகிவிடும் என்று நினைத்து அதற்கும் சேர்த்துப் பயந்தாள். ஐந்து ஐம்பத்தெட்டு. ஐந்து ஐம்பத்தொன்பது. பகவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

வட்டம் மஞ்சளானது.

"எம்மா தாயே, அம்மன் கண்ணைத் தொறந்துட்டா!" என்று பகவதி எழுந்து சாமி அறைக்கு ஓடினாள். நயினார் வடிவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான். வண்டி வரவில்லை. சனிக்கிழமை காலை வட்டம் பழையபடி பச்சையாகிவிட்டது.

திங்கட்கிழமை அவள் எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதி, படிவங்களின் குறிப்புகளைக் கோர்த்து, தில்லைநாயகத்திடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"நீங்க சொல்றது சரியாக் கூட இருக்கலாம் வடிவு. மேலே அனுப்பறேன். ஆனா பல்லுக்குத் தனி இயக்குநர் இருக்காரு. அவரு நம்ம கோப்பை வாங்க மாட்டாரு. அது வரைக்கும் நாம கேக்குற கேள்வியெல்லாம் பழையபடிதான்." பிறகு சிரித்தார். "விடுங்க. நீங்க பச்சைக்கு வந்துட்டீங்கல்ல. அதுதான் முக்கியம்."

அவளும் எப்சிபாவும் அன்றிலிருந்து எல்லாரிடமும், பதிவை நிறுத்திவிட்டு, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார்கள். மாடத்தியின் பிள்ளை இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. குழாய் வழியாகப் பால் குடிக்கத் தொடங்கியிருந்தது. வடிவு தினமும் போன் போட்டாள். மாடத்தி சில நாள் எடுப்பாள், சில நாள் எடுக்க மாட்டாள்.

வீட்டில் ஒரே சந்தோஷம். பகவதி, கர்ப்பிணிக்குச் செய்கிற பூ முடிப்புச் சடங்குக்கு நாள் பார்த்தாள். நயினார் விசில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனான். வடிவு மட்டும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், தினமும் அழுதாள். சோறு இறங்கவில்லை. நயினார் பக்கத்தில் வந்து படுத்தால் உடம்பு விறைத்துக்கொண்டது. பிள்ளை அசையும்போதெல்லாம் முன்பு சிரிப்பு வரும். இப்போது மொட்டைமாடியில் அவன் மார்கழியிலிருந்து மாதம் எண்ணியதுதான் ஞாபகம் வந்தது. இத்தனைக்கும் நடுவில் தினமும் காலை ஆறு மணிக்கு வட்டம் பச்சையாகவே இருந்தது. மையத்தில் பச்சைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் ஒன்பதாயிரம் பெயர்கள். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவர்களுக்கு யாரும் போன் போடுவதும் இல்லை. அந்த ஒன்பதாயிரத்தில் எத்தனை பேர் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார்களோ என்று வடிவு நினைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பகவதி கோயிலுக்குப் போயிருந்தாள். நயினார் தொட்டில் ஒன்று வாங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்து திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தான். இனியும் அடக்கினால் பிள்ளைக்குத்தான் கேடு என்று தோன்றியது. வடிவு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க. அன்னைக்கு மாடியில நீங்க கேட்டது..."

"அத விடு வடிவு," என்றான் அவன் நிமிராமல். "அப்ப சிவப்பா காட்டுச்சு, நான் கிறுக்கன் மாதிரி எதையோ உளறிட்டேன். இப்ப எல்லாம் சரியாயிட்டுல்லா."

"சரியாகல. எனக்கு அப்ப மனசு நல்லாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் நல்லா இல்ல. தூக்கம் வரல. சோறு இறங்கல. நீங்க கேட்டது உள்ளயே நிக்குது. தனியா இருக்க பயமா இருக்கு, உங்க கூட இருக்கவும் முடியல. எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க. நிஜமாவே நான் நல்லா இல்ல."

நயினார் பதறிப்போனான். திருப்புளி கையிலிருந்து நழுவியது. எழுந்து ஓடி, மேசை மேல் கிடந்த போனை எடுத்து, திறந்து பார்த்தான். பார்த்ததும் அவன் முகத்திலிருந்த கலவரம் மெல்ல மெல்ல வடிந்தது. பெரிதாக மூச்சு விட்டான். அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, அவளுக்கும் தெரியும்படி போனைத் திருப்பி, பிரியமாகச் சிரித்தான்.

"எம்மா, ஒரு நிமிசத்துல உசிரே போயிட்டு. இங்க பாரு வடிவு, நீ நல்லாத்தான் இருக்க."